கேம்பாய்ல ஆடியோ சாக்கெட், மிடி சாக்கெட் போடுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்பாயை, அதாவது நின்டெண்டோ கம்பெனியோட கையடக்க வீடியோ கேம் மெஷினைப் பிரிச்சு, தனியா ஆடியோ அவுட், மிடி இன் (கீபோர்டு, கம்ப்யூட்டர் மாதிரி மெஷின்கள் ஸ்வரத்தையும் டெம்போவையும் அனுப்பிக்கற பாஷைதான் மிடி) எல்லாம் வெச்சு அதை இசைக்கருவியா மாத்துறது பத்தி என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா சேர்த்திருக்கேன். பெரும்பாலும் 1989ல வந்த முதல் கேம்பாய் பத்திதான் பேசப்போறேன், சாம்பல் கலர்ல செங்கல் மாதிரி இருக்குமே, டிஎம்ஜி-01, அது. கடைசில மத்த மெஷின்களையும் தொட்டுட்டுப் போறேன். இன்னொண்ணு, நம்ம பேச்சுல போர்ட்டும் போர்டும் ஒண்ணாவே காதுல விழும், அதனால வெளிய கேபிள் மாட்டுற ஓட்டையை சாக்கெட்னும், உள்ள இருக்கற பச்சைத் தகட்டை போர்டுன்னும் சொல்றேன்.

கேம் விளையாடுற மெஷின்ல எப்படி மியூசிக் போடுறது?

கேம்பாய்ல வர்ற சத்தம் ரெக்கார்ட் பண்ணி வெச்சது கிடையாது, உள்ள இருக்கற சிப் அந்தந்த நொடில உருவாக்குறது. மொத்தம் 4 சேனல். ரெண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ். பல்ஸ்ல மெலடியும் கார்டும் வாசிக்கலாம், வேவ் சேனல்ல 32 சின்னச் சின்ன புள்ளிகளா நம்மளே ஒரு அலையை வரையலாம், பேஸ் பெரும்பாலும் அங்கதான் போகும், நாய்ஸ்ல ஹைஹாட், ஸ்னேர் மாதிரி. ஒவ்வொரு சேனலையும் இடது, வலது, இல்ல ரெண்டு பக்கமும்னு அனுப்பலாம், அதாவது இது ஸ்டீரியோ மெஷின், கையில பிடிச்சு ஸ்பீக்கர்ல கேக்கறவங்களுக்கு அது தெரியாது ஏன்னா ஸ்பீக்கர் ஒண்ணுதான். இந்த சவுண்ட் ஹார்ட்வேரை வடிவமைச்சதுல ஹிரோகாஸு டனாகாவுக்குப் பங்கு உண்டு, அவர் நின்டெண்டோவுலயே கேம்களுக்கு இசை அமைச்சவர். ஒரு இசைக்காரர் கை பட்ட சிப் இது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது.

அதுல வாசிக்க ஒரு ப்ரோக்ராம் வேணும், நாமளே ப்ரோக்ராம் ஏத்திக்கற ஃப்ளாஷ் கேசட்ல அதைப் போட்டு கேம்பாய்ல செருகணும். ஜெர்மனில ஆலிவர் விட்ச்சோ செஞ்ச நானோலூப், ஸ்வீடன்ல யோஹன் கொட்லின்ஸ்கி செஞ்ச லிட்டில் சவுண்ட் டிஜே, ரெண்டும்தான் எல்லாரும் யூஸ் பண்றது. ரெண்டாவதை எல்எஸ்டிஜேன்னு சுருக்கிச் சொல்லுவாங்க. ரெண்டும் செஞ்சவங்களே நேரடியா குடுக்கறாங்க, அங்கேயே வாங்குங்க. ஒரு தனி ஆள் 20 வருஷத்துக்கு மேல ஒரே ப்ரோக்ராமை விடாம பார்த்துக்கறார், அதுக்கு நாம செய்யக்கூடியது அதுதான்.

ஹெட்போன் சாக்கெட் ஏற்கனவே இருக்கே, அதுல இருந்து மிக்ஸருக்கு இழுத்தா போதாதா?

போதும். முதல்ல அப்படியே வாசிங்க, ஒரு மாசம் வாசிங்க. அதுக்கப்புறமும் பேஸ் பத்தலன்னு தோணுச்சுன்னா, இல்ல பாட்டு நிக்கற இடத்துல எல்லாம் பின்னாடி உஷ்ஷ்னு ஒரு இரைச்சல் உறுத்துதுன்னா அப்போ பிரிங்க.

விஷயம் என்னன்னா, சிப்ல இருந்து வர்ற சத்தம் முதல்ல வால்யூம் வீலுக்குப் போகுது, அங்கிருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் சிப்புக்குப் போகுது, அதுக்கப்புறம்தான் ஹெட்போன் சாக்கெட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் வருது. அந்த ஆம்ப் நாலு பென்சில் பேட்டரில ஒரு குட்டி ஸ்பீக்கரை ஓட்டறதுக்குன்னு போட்டது, மேடைல பெரிய ஸ்பீக்கர்ல போடணும்னு யாரும் நினைச்சு செய்யல. கீழ் ஸ்வரங்கள் அங்க மெலிஞ்சு போகும், ஆம்ப்போட சொந்த இரைச்சலும் சேரும். நாம செய்யறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஆம்ப்புக்கு முன்னாடியே சத்தத்தைத் தொட்டு வெளிய கொண்டு வர்றது. இதைத்தான் ப்ரோசவுண்ட்னு சொல்றாங்க. புதுசா எதையும் சேர்க்கல, சிப் ஏற்கனவே பாடிட்டுதான் இருக்கு, வழில இருக்கற தடையை மட்டும் தாண்டறோம்.

சரி, ஒயரை எங்க சால்டர் பண்ணணும்?

வால்யூம் வீலோட கால்கள்ல. அதுக்கு முன்னாடி திறக்கணும். பின்பக்க ஸ்க்ரூ ட்ரைவிங், மூணு பக்கம் உள்ள ஒய் மாதிரி தலை, அதுக்குன்னு ஸ்க்ரூடிரைவர் தனியா கிடைக்குது, வாங்கிடுங்க, சாதா ஸ்டார் டிரைவரை வெச்சு அழுத்தித் திருப்பி தலையை மழுக்கிட்டு வந்து நிக்காதீங்க. பேட்டரி அறைக்குள்ள இருக்கற ஸ்க்ரூவை மறந்துட்டு பாடியை நெம்புறவங்க நிறைய பேர், அங்கயும் பாருங்க. உள்ள போர்டுகளைப் பிடிச்சிருக்கறது சாதா ஸ்டார் ஸ்க்ரூதான்.

திறக்கும்போது ரெண்டு பாதியும் ஒரு ரிப்பன் கேபிள்ல இணைஞ்சிருக்கும், புத்தகம் திறக்கற மாதிரி மெதுவா, வெடுக்குன்னு இழுத்தா அவ்வளவுதான். நான் என் முதல் மெஷினை அப்படித்தான் இழந்தேன். சாக்கெட்டே போடல, திறக்கும்போதே போச்சு, ரொம்ப நாள் மனசு ஆறல.

வீல் பின்பாதி போர்டுல இருக்கும். அதுக்கு 5 கால், ரெண்டு உள்ள வர்றது (இடது, வலது), ரெண்டு வெளிய போறது, ஒண்ணு கிரவுண்ட். எந்தக் கால் எதுன்னு யாரோ வரைஞ்ச படத்தை மட்டும் நம்பாதீங்க, நீங்களே சோதிச்சுடுங்க, 5 நிமிஷ வேலை. மல்டிமீட்டரை பீப் மோடுல வெச்சு, பேட்டரி மைனஸுக்கும் ஒவ்வொரு காலுக்கும் பாருங்க, பீப் அடிக்கறது கிரவுண்ட். (இது மெஷின் ஆஃப்ல, வீல் பாதில இருக்கும்போது பாருங்க, ஒரு ஓரத்துக்குத் திருப்பி வெச்சிருந்தா வேற காலும் பீப் அடிச்சு குழப்பும்.) அப்புறம் மெஷினை ஆன் பண்ணி எல்எஸ்டிஜேல ஒரு ஸ்வரத்தை ஓடவிட்டு, ஒரு பழைய பவர் ஸ்பீக்கர் கேபிளோட கிரவுண்டை இந்தக் கிரவுண்ட்லயும், முனையை ஒரு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வழியா ஒவ்வொரு காலாவும் தொடுங்க, ஸ்பீக்கர் வால்யூமைக் குறைச்சு வெச்சுக்கிட்டு. வீலைத் திருப்பினாலும் சத்தம் மாறாத ரெண்டு கால் இருக்கு பாருங்க, அதுதான் வீலுக்கு முன்னாடி உள்ள இடம். சத்தம் கூடி குறையற ரெண்டும் வீலுக்குப் பின்னாடி. இடது வலது எதுன்னு பாக்க, ப்ரோக்ராம்ல ஸ்வரத்தை ஒரு பக்கம் மட்டும் தள்ளிவிட்டு திரும்பத் தொட்டுப் பாருங்க.

சால்டரிங் அயர்ன் 330, 340 டிகிரி போதும், முனை சின்னதா இருக்கணும், கால்ல புது ஈயம் கொஞ்சம் வெச்சு, ஒயர் நுனியிலயும் ஈயம் பூசி, ரெண்டையும் சேர்த்து ரெண்டு செகண்ட். அதுக்கு மேல ஒட்டலன்னா கையை எடுத்துடுங்க, ஆற விடுங்க, ஃப்ளக்ஸ் தடவி திரும்ப. 30 வருஷத்துக்கு மேல ஆன போர்டு, சூடு அதிகமானா செம்புத் தடமே உரிஞ்சு வந்துடும். ஒயர் மெல்லிசா, நெளியறதா இருக்கட்டும், மூணையும் பின்னல் மாதிரி முறுக்கி விடுங்க.

வீலுக்கு முன்னாடியா பின்னாடியா, எது நல்லது?

மிக்ஸர் வெச்சு வாசிக்கறவங்களுக்கு முன்னாடி. சத்தம் எப்பவும் ஒரே அளவுல வரும், சுத்தமாவும் இருக்கும், மிச்சத்தை மிக்ஸர்ல பார்த்துக்கலாம். மெஷின்ல இருந்தே வால்யூமை ஏத்தி இறக்கணும்னா பின்னாடி. ஒண்ணு கவனிக்கணும், முன்னாடி எடுத்தா சத்தம் ஹெட்போன் சாக்கெட்ல வர்றதை விட மெதுவாதான் இருக்கும், கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, மிக்ஸர்ல கெயினை ஏத்துங்க. சுவிட்ச் வெச்சு ரெண்டையும் மாத்திக்கற மாதிரி செய்யறவங்களும் இருக்காங்க, எனக்கு அந்த எக்ஸ்ட்ரா ஓட்டை தேவையில்லன்னு தோணுது.

ஆர்சிஏ சாக்கெட் போடலாமா, 3.5 மிமீ போடலாமா?

மேடைல வாசிக்கறவங்க ஆர்சிஏ, சிவப்பு வெள்ளை ரெண்டு, கேபிள் இழுபட்டாலும் கழண்டு வராது, டிஜே மிக்ஸர்ல நேரா மாட்டிடலாம். பையில போட்டு எடுத்துட்டுப் போறவங்களுக்கு 3.5 மிமீ போதும், ஒரே ஓட்டை, சின்ன ஓட்டை. கிட்டார் கேபிள் போற 6.35 மிமீ சாக்கெட் ரொம்ப ஆழம், உள்ள இடமே இருக்காது, வேண்டாம்.

ஓட்டை போடறது எங்கன்னு முடிவு பண்றதுலதான் நேரம் செலவழிக்கணும். சாக்கெட்டை பாடிக்குள்ள வெச்சு, முன்பாதியை மேல வெச்சு மூடிப் பாருங்க, ஸ்பீக்கர்ல இடிக்குதா, பேட்டரி அறை சுவர்ல முட்டுதா, ஸ்க்ரூ தூணை மறிக்குதான்னு. வெறும் பின்பாதியைப் பார்த்து ஓட்டை போட்டுட்டு கடைசில மூட முடியாம போன மெஷின்களை ரிப்பேருக்குக் கொண்டு வந்து குடுத்திருக்காங்க, அதுக்கு என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியல. மார்க் பண்ற இடத்துல மாஸ்க்கிங் டேப் ஒட்டி, சின்ன பிட்ல ஆரம்பிச்சு கையாலயே சுத்தி, படிப்படியா பெருசாக்குங்க. வேகமா டிரில் ஓட்டினா பிளாஸ்டிக் உருகும், இல்லன்னா விரியும். போர்டுகளை எல்லாம் வெளிய எடுத்துட்டு ஓட்டை போடுங்க, பிளாஸ்டிக் தூள் பட்டனுக்கு அடில போய் உக்காந்துக்கும்.

சாக்கெட் போட்டேன், ஆனா ஊஊன்னு ஒரு சத்தம் கூடவே வருது

முதல் கேள்வி, எதுல ஓட்றீங்க? பேட்டரில மாத்திப் பாருங்க. சத்தம் போயிட்டா உங்க சாக்கெட்ல தப்பு இல்ல, அடாப்டர்ல தப்பு. லேப்டாப்பும் கேம்பாயும் ஒரே மிக்ஸர்ல, ரெண்டும் கரண்ட்ல ஓடினா கிரவுண்ட் லூப் வரும், அதுக்கும் பேட்டரிதான் மருந்து. நாலு பென்சில் பேட்டரி 6 வோல்ட், ஒரு கச்சேரிக்கு தாராளம். அடாப்டர்தான் வேணும்னா மெஷின்ல அச்சடிச்சிருக்கற வோல்டேஜும் ப்ளஸ் மைனஸ் படமும் பார்த்து வாங்குங்க, நடு முனை ப்ளஸா மைனஸான்னு கவனிக்காம கிடைச்சதைச் செருகாதீங்க.

பேட்டரிலயும் மெல்லிசா கீச்சுன்னு வந்தா, உள்ள இருக்கற பவர் போர்டு இல்லன்னா ஸ்க்ரீனுக்குப் பின்னாடி நீங்க புதுசா போட்ட பேக்லைட் காரணமா இருக்கலாம். பேக்லைட்டைக் கழட்டிட்டுக் கேளுங்க. பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1000 மைக்ரோஃபாரட் மாதிரி ஒரு கபாசிட்டர் வெச்சா நிறைய குறையும், ப்ளஸ் மைனஸ் மாத்தி வெச்சுடாதீங்க. கிரவுண்டை வீல் கால்ல இருந்தே எடுங்க, தூரத்துல எங்கயோ ஷீல்டுல இருந்து எடுத்தா இரைச்சலையும் சேர்த்து எடுத்துட்டு வரும்.

மிடி கீபோர்டுல இருந்து கேம்பாயை வாசிக்க முடியுமா அண்ணா?

முடியும், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ரொம்ப ஆசை. கேம்பாய் பக்கவாட்டுல லிங்க் சாக்கெட் இருக்கு பாருங்க, ரெண்டு பேர் சேர்ந்து விளையாட கேபிள் போடுவாங்களே, அதுதான் வாசல். ஆனா மிடி பேசற பாஷை வேற, கேம்பாய் பேசற பாஷை வேற. மிடி நொடிக்கு 31,250 பிட் வேகத்துல தானா வரும், கேம்பாய் லிங்க்ல கிளாக் ஒயர்னு தனியா ஒண்ணு இருக்கு, அது துடிக்கும்போதுதான் பிட் நகரும். நடுவுல மொழிபெயர்க்க ஒருத்தர் வேணும். அதுக்குத்தான் டிமதி லாம்ப் ஆர்டுயினோபாய் செஞ்சார், ஒரு ஆர்டுயினோ போர்டு (நாமளே ப்ரோக்ராம் போட்டுக்கற குட்டி கம்ப்யூட்டர்), 6என்138 மாதிரி ஒரு ஆப்டோகப்ளர் (சிக்னலை வெளிச்சம் வழியா கடத்தற சிப்), சில ரெசிஸ்டர், அவ்வளவுதான் சாமான். கேம்பாய்ல அவரே எழுதின எம்ஜிபிங்கற ப்ரோக்ராமை ஓடவிட்டா, கீபோர்டுல நீங்க அழுத்தற ஸ்வரம் அந்த சிப்ல பாடும், ஒவ்வொரு சேனலும் ஒரு மிடி சேனலா இருக்கும். எல்எஸ்டிஜேயா இருந்தா கம்ப்யூட்டரோட டெம்போவுக்கு ஒத்து ஓட வைக்கலாம்.

இதை வெளிய ஒரு டப்பால வெச்சு லிங்க் கேபிள்ல மாட்டலாம், இல்லன்னா சின்ன ஆர்டுயினோ ப்ரோ மினியை கேம்பாய்க்குள்ளயே வெச்சு பாடில மிடி சாக்கெட் போடலாம். முதல் தடவை செய்யறவங்க டப்பாவையே செய்யுங்கன்னுதான் கெஞ்சிக் கேக்கறேன், கேம்பாய்ல ஒரு ஓட்டைகூட விழாது, நாளைக்கு மெஷின் மாத்தினாலும் டப்பா இருக்கும். உள்ளதான் வேணும்னா பழைய 5 பின் வட்ட சாக்கெட்டுக்குப் பதிலா 3.5 மிமீ ஸ்டீரியோ சாக்கெட் போடுங்க, மிடிக்கு அதோட ஒயரிங் முறையை 2018லயே பொதுவா வகுத்துட்டாங்க, டைப் ஏன்னு பேரு, அதையே பின்பத்துங்க.

லிங்க் கேபிளை வெட்டும்போது கலரை நம்பாதீங்க. ஒரு கம்பெனி கேபிள்ல சிவப்பு ஒண்ணு, இன்னொண்ணுல வேற. மலிவான கேபிள்ல 5 வோல்ட் ஒயரே இருக்காது, ஆர்டுயினோவுக்குப் பவர் வராம ராத்திரி முழுக்க ப்ரோக்ராமைத் திட்டிட்டு இருப்பீங்க. உள்ள போறதும் வெளிய வர்றதும் கேபிளுக்குள்ளயே குறுக்கா மாறியிருக்கும், அதையும் பீப் மோடுல பார்த்து எழுதி வெச்சுக்கோங்க.

ரெண்டு கேம்பாயை ஒண்ணா ஓட்ட என்ன மாடிஃபிகேஷன் வேணும்?

ஒண்ணும் வேண்டாம். லிங்க் கேபிள் போட்டு எல்எஸ்டிஜேல சிங்க் செட்டிங் மாத்தினா போதும், 8 சேனல் கையில.

கிளாக்கை மாத்தி ஸ்வரத்தை வளைக்கற பாட் (திருப்பற குமிழ்) ஒண்ணு போடுறாங்களே?

பிட்ச் மாடுன்னு சொல்லுவாங்க. கேம்பாய்ல மெஷினோட வேகத்தைத் தீர்மானிக்கற 4.194304 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கு, அதுக்குப் பதிலா எல்டிசி1799ங்கற சிப்பைப் போட்டு ஒரு பாட்டால வேகத்தை மாத்தறது. பாதியாக்கினா ஸ்வரம் ஒரு ஆக்டேவ் இறங்கும், கூடவே டெம்போவும் பாதியாகும், ஸ்க்ரீனும் துடிக்க ஆரம்பிக்கும். ஒரே ஸ்வரம் நீண்டு நிக்கற ட்ரோன் இசை மாதிரி, இரைச்சல் இசை மாதிரி செய்யறவங்களுக்கு சொர்க்கம். ஆனா மத்த மிடி மெஷின்களோட சேர்ந்து வாசிக்கறவங்களுக்கு இது ஒத்து வராது, சுருதி எங்கயோ நிக்கும். சுவிட்ச் வெச்சு பழைய கிரிஸ்டலுக்குத் திரும்பற மாதிரி செய்யுங்க, சுவிட்சை ஓடும்போது மாத்தினா ஹேங் ஆகும், அப்படி ஆகி சேவ் பண்ணி வெச்ச பாட்டை இழந்தவங்க உண்டு. கிளாக் சுத்தமா நின்னு போய் ஸ்க்ரீன்ல ஒரு கோடு மட்டும் அடர்த்தியா நின்னா உடனே ஆஃப் பண்ணுங்க, எல்சிடிக்கு அது நல்லதில்ல.

பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சு, என்ன பண்றது?

கேசட்டுக்குள்ள ஒரு காயின் பேட்டரி இருக்கும், பாட்டை அந்த பேட்டரிதான் காப்பாத்திட்டு இருக்கு. அது தீர்ந்தா போச்சு. போனதைத் திரும்பக் கொண்டு வர வழி இல்ல, அதனால இன்னைக்கே பேக்கப் எடுங்க, கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிக்கற வசதி இருக்கற ஃப்ளாஷ் கேசட்டா வாங்குங்க. எவர்டிரைவ் மாதிரி மெமரி கார்டு போற கேசட்ல இது ரொம்ப சுலபம். சாக்கெட் போடறதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டிய முதல் வேலையே இதுதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா சாக்கெட்டைத் திரும்பப் போட்டுக்கலாம், பாட்டு அப்படி இல்ல.

நின்டெண்டோ என்இஎஸ், இல்ல நம்ம ஊர் டிவி கேம்ல இது முடியுமா?

என்இஎஸ்ல ரொம்ப அழகா முடியும். அதுல ரிக்கோ 2ஏ03ன்னு ஒரு சிப், அதோட 1வது பின்ல ரெண்டு பல்ஸும், 2வது பின்ல ட்ரையாங்கிள், நாய்ஸ், சாம்பிள் மூணும் தனித்தனியா வருது, போர்டுல சேர்த்து மோனோவாக்கிடறாங்க. அந்த ரெண்டு பின்னையும் தனியா எடுத்தா மெலடி ஒரு பக்கம், பேஸும் டிரம்மும் ஒரு பக்கம். அப்படியே ஹெட்போன்ல கேட்டா ஒரு காது மட்டும் நிறைஞ்ச மாதிரி இருக்கும், மிக்ஸர்ல தனித்தனி சேனலா எடுத்து நடுவுல கொண்டு வாங்க. தனித்தனி ஈக்யூ போட முடியறதுதான் இதுல லாபம்.

90கள்ல நம்ம வீடுகள்ல டிவி கேம்னு இருந்தது பெரும்பாலும் இந்த வகை மெஷினோட நகல்தான், ஜப்பான் மாடல் ஃபாமிகாமைப் பார்த்து செஞ்சது. அதுல பழசுல தனி சிப் இருக்கும், அதையும் இப்படிப் பண்ணலாம். சில நகல் சிப்ல பல்ஸ் அலையோட அகலம் ரெண்டு இடம் மாறிக் கிடக்கும், அதனாலதான் சின்ன வயசுல நம்ம காதுல பதிஞ்ச அந்த இசை ஒரிஜினல்ல கேக்கும்போது கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. எனக்கு நகல் சத்தம்தான் வீட்டுச் சத்தம், அதையே ரெக்கார்ட் பண்ணுங்க, தப்பே இல்ல. பின்னாடி வந்த மாடல்கள்ல எல்லாம் ஒரே கறுப்புப் பொட்டுக்குள்ள அடக்கிட்டாங்க, அதுல பின்னைத் தேடி பிரயோஜனம் இல்ல.

சேகா மெகா டிரைவ்?

முதல் மாடல் வாங்குங்க, முன்னாடியே ஸ்டீரியோ ஹெட்போன் சாக்கெட்டும் வால்யூம் ஸ்லைடரும் வெச்சே குடுத்திருக்காங்க. பின்பக்க ஏவி அவுட் மோனோ, அதுல இருந்து எடுக்காதீங்க. உள்ள யமஹா ஒய்எம்2612, 6 சேனல் எஃப்எம், கேம்பாய்ல இருந்து ரொம்ப வேற உலகம்.

கேம்பாய் பாக்கெட், கலர் எல்லாம் வேண்டாமா?

வேண்டாம்னு இல்ல. வாசிக்க நல்லாவே இருக்கும். ஆனா பேஸ் விஷயத்துல பழைய செங்கல்தான்னு வாசிக்கறவங்க நிறைய பேர் சொல்றது, என் காதுக்கும் அப்படித்தான். உள்ள இடமும் அதுலதான் அதிகம், சாக்கெட் போட இடம் தேடி அலைய வேண்டாம்.

சாமான் எங்க கிடைக்கும்?

சாக்கெட், ஒயர், கபாசிட்டர், ஆப்டோகப்ளர், ஆர்டுயினோ எல்லாம் சென்னைல ரிச்சி தெருவுலயே கிடைக்கும். ட்ரைவிங் ஸ்க்ரூடிரைவர், லிங்க் கேபிள் ஆன்லைன்ல. ஃப்ளாஷ் கேசட் வெளிநாட்டுல இருந்துதான் வரவைக்கணும்.

இவ்வளவு பழைய மெஷின்ல ஓட்டை போடறது பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியை நான் சின்னதா எடுத்துக்க மாட்டேன். கேம்பாயும் கேம்பாய் கலரும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல வித்துச்சு, அதனால அபூர்வப் பொருள் இல்ல, ஆனா புதுசா ஒண்ணுகூட இனி வராது. நான் செய்யறது என்னன்னா, பாடி ஏற்கனவே உடைஞ்சது, ஸ்க்ரீன்ல கோடு விழுந்தது மாதிரி மெஷினாப் பார்த்து எடுக்கறேன். அந்தக் கோடு நிறைய தடவை ஸ்க்ரீனுக்குக் கீழ உள்ள ரிப்பன் ஒட்டு விட்டதால வர்றது, சூடா இருக்கற அயர்னை மேல மெதுவா ஓட்டினா திரும்ப ஒட்டிக்கும். ஒரிஜினல் பாடி நல்லா இருந்தா அதைத் துடைச்சு பத்திரமா எடுத்து வெச்சுட்டு, புதுசா செஞ்சு விக்கற மாத்துப் பாடில ஓட்டை போடுங்க. போர்டுல நாம சேர்த்தது மூணு ஒயர்தான், வேணாம்னா எடுத்துடலாம்.

எல்லாம் மூடி ஆன் பண்ணிட்டேன், ஒரு பக்கம் மட்டும்தான் சத்தம் வருது

திறக்காதீங்க, முதல்ல ப்ரோக்ராம்ல பாருங்க, அந்த இன்ஸ்ட்ருமென்ட் ஒரு பக்கம் மட்டும் போற மாதிரி செட் ஆகியிருக்கான்னு. அப்புறம் கேபிளை மெஷின் முனைல இடது வலது மாத்தி மாட்டுங்க, வராத பக்கம் மாறிச்சுன்னா தப்பு மெஷின் பக்கம், மாறலன்னா கேபிள் இல்ல மிக்ஸர். மெஷின்லதான்னா ஹெட்போன் சாக்கெட்ல கேளுங்க, அங்க ரெண்டு பக்கமும் வந்தா சிப் நல்லாத்தான் இருக்கு, உங்க ஒயர் ஒண்ணு விட்டிருக்கு, பெரும்பாலும் மூடும்போது ஸ்க்ரூ தூணுக்கு அடில நசுங்கியிருக்கும், அங்க போய்ப் பாருங்க.